லயத்து வீட்டுக்கு லாயம் கட்டுப்படியாகுமா?

மலேசியாவின் பேராக்கில், எங்கள் தோட்டத்து முனீஸ்வரன் கோயில் வாசலில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது. சிமெண்டுக் குதிரைதான். திருவிழாவுக்குத் திருவிழா மேலே ஒரு பூச்சு ஏறி ஏறிக் கண்ணும் மூக்கும் மழுங்கிப் போய்விட்டது. என் மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து அதன் முன்னங்காலைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "சாமி குதிரைடி, கைய எடு" என்று என் அம்மா அதட்டுவார். ஒன்பது வயதில், பொருட்காட்சி ஒன்றில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) இரண்டு சுற்று மட்டக்குதிரையில் ஏறிவிட்டு வந்தவள், அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எனக்கு நெசக் குதிரை வேணும்பா."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் எட்டு மாதம் கழித்தும் அதே கேள்வி நின்றது. அதனால் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை அலைந்து, நாலு பேரிடம் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களைப் போன்ற வீடுகளில் இதே கேள்வி எழுந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கணக்கு. எனக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. மனைவி ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனபோதுதான் அவள் சம்பளமும் அந்த இடத்துக்கு வந்தது. வீட்டுத் தவணை, கார் தவணை, அம்மாவின் மருந்து, சின்னவனின் டியூஷன், சீட்டுப் பணம் எல்லாம் போக, மகளின் ஆசைக்கு என்று எடுத்து வைக்க முடிந்தது மாதம் 250 வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு போனாலும் வேறு எங்கோ துண்டு விழும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் குதிரை என்றால் ஈப்போ ரேஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு, "குதிரையில கட்டிக் கெட்ட குடும்பத்தப் பாத்திருக்கேன். குதிரைய வாங்கிக் கெடப் போற குடும்பத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

சும்மா வருகிற பந்தயக் குதிரை

முதல் வழியைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் அண்ணன். லோரி ஓட்டுகிறவர். "மாப்பிள்ளை, சும்மாவே குடுக்குறாங்க. லோரியும் என்னோடது. புள்ள ஆசப்படுது, என்ன யோசிக்கிறீங்க?"

அவர் சொன்னது பொய்யில்லை. சிங்கப்பூர்ப் பந்தயத் திடல் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயத்தோடு மூடப்பட்டது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025-இல் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. ஓட்டம் முடிந்த குதிரைக்கு ஒரு வீடு வேண்டும். பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து இங்கே இறக்குமதியான உயர்சாதிக் குதிரைகள். நல்ல மனம் படைத்த உரிமையாளர்கள் காசு வாங்காமலே கொடுத்துவிடுகிறார்கள்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். குதிரையாக இருந்தால் பல்லோடு விடாமல் முன்னங்கால் தசைநாண், குளம்பு, முதுகு, மூச்சு எல்லாவற்றையும் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓடி ஓடித் தசைநாண் வீங்கிய குதிரை நிற்கும்போது ராஜா மாதிரிதான் இருக்கும்.

நாங்கள் பார்க்கப் போன குதிரைக்கு எட்டு வயது. செம்பழுப்பு நிறம். தோள் உயரம் பதினாறு கை; ஒரு கை என்பது நாலு அங்குலம், அதாவது 160 சென்டிமீட்டருக்கு மேல். எடை ஏறக்குறைய 480 கிலோ. என் மகளின் தலை அதன் நெஞ்சுக்குத்தான் எட்டியது. தூரத்தில் யாரோ தகரத்தைப் போட்ட சத்தம் கேட்டதும் அது பக்கவாட்டில் ஒரு தாவு தாவியது பாருங்கள், கயிற்றைப் பிடித்திருந்த ஆள் இரண்டு கஜம் இழுபட்டுப் போனார். அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

இந்தக் குதிரைகள் கெட்டவையல்ல. இரண்டு வயதிலிருந்து அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: பக்கத்துக் குதிரை ஓடினால் நீயும் ஓடு. கடிவாளத்தை இழுத்தால் நிற்க வேண்டும் என்று குழந்தை நினைக்கும். பந்தயக் குதிரை அந்த இழுப்பிலேயே சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும். அதைச் சவாரிக் குதிரையாக மாற்றலாம், அருமையாகவும் வரும். அதற்குக் கைதேர்ந்த ஆள் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஏறவே தெரியாத பிள்ளையும் நிற்கவே பழகாத குதிரையும் ஒருவருக்கொருவர் பாடம் நடத்த முடியாது.

நான் பார்த்த வழிகளிலேயே அதிகம் செலவு வைக்கக்கூடியது இந்தச் சும்மா வந்த குதிரைதான். மச்சானுக்கு இன்னும் என்மேல் வருத்தம் உண்டு.

குடா பாடி: மனசு சாய்ந்த இடம்

அடுத்தது குடா பாடி. இந்த மட்டக்குதிரையை மலாய்க்காரக் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றும் இடங்களிலும் பார்த்திருப்பீர்கள். உருவத்தில் சின்னது. இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழகிய உடம்பு. ஒருவர் எங்களிடம் 4,500 வெள்ளி கேட்டார். மாதம் 250 எடுத்து வைத்தால் பதினெட்டு மாதம். அதைக் கேட்டதும் 'ஏன் முடியாது' என்று எனக்கே தோன்றிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன், இந்த வழியில் நான் பாதிதூரம் போய்விட்டேன். பழைய தோட்டத்தில் இன்னும் நாலைந்து குடும்பம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், இருக்கிறது. என் சித்தப்பா வீட்டுப் பின்னால் அப்பா காலத்து மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடக்கிறது. புல்லுக்குத்தான் தோட்டத்தில் பஞ்சமா?

அங்கேதான் நான் ஏமாந்தேன். மாடு வளர்த்த வீட்டுக்காரன் குதிரையையும் மாடு மாதிரியே நினைப்பான். இரண்டுக்கும் வயிறு வேறு. மாடு நாலு அறை வயிற்றில் அள்ளிப் போட்டுக்கொண்டு நிழலில் படுத்து அசை போடும். குதிரைக்கு அசை போடத் தெரியாது, இரைப்பை சின்னது. அவிழ்த்துவிட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு என்று போட்டுவிட்டு வேலைக்குப் போனால் இடையில் அதன் வயிறு காலி. அதோடு குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வேண்டாததைத் தின்றுவிட்டால் கக்க வழியில்லை, வயிற்று வலியாகத் திரும்பும். புரண்டு புரண்டு குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சில மணி நேரத்துக்குள் மருத்துவர் வர வேண்டும். எங்கள் பக்கத்துக் கால்நடை அலுவலகத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நன்றாகப் பார்ப்பார்கள். குதிரைக்கு அறுவை என்றால் கோலாலம்பூருக்குத் தெற்கே செர்டாங் வரை போக வேண்டிவரும். லோரியில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

புல் கணக்கைச் சொல்கிறேன். குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு உலர்ந்த தீவனம் தின்ன வேண்டும். 200 கிலோ குடா பாடிக்கு நாலு கிலோ. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அந்த நாலு கிலோவுக்குப் பதினெட்டு இருபது கிலோ பச்சைப் புல் அறுக்க வேண்டும். (மச்சானின் பந்தயக் குதிரைக்கு இதுவே நாற்பது கிலோவைத் தாண்டும்.) மோட்டார் சைக்கிள் பின்னால் ஒரு பெரிய சாக்கு, தினமும், ஞாயிறும் தீபாவளியும் உட்பட. முடியாத காரியம் இல்லை. அப்பா நாலு மாட்டுக்கு அறுத்தவர்தான்.

எந்தப் புல் என்பதுதான் கேள்வி. செம்பனை நிரைகளிலும் மரத்தைச் சுற்றியும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இந்த நாட்டில் தடை. கிளைஃபோசேட் போன்றவை இன்னும் புழக்கத்தில். எந்த நிரையில் எந்த நாளில் மருந்து விழுந்தது என்று மண்டோரை (வேலை மேற்பார்க்கிறவரை) கேட்காமல் ஒரு பிடி புல்லும் அறுக்கக் கூடாது. லாலான் புல்லில் சத்து கிடையாது. சரி, மாட்டுக்காரர்கள் நடுகிற நேப்பியர் புல், செட்டேரியா புல்? அவற்றில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையின் வயிற்றில் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். உடம்பு தனக்கு வேண்டிய சுண்ணாம்பை எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் இது மட்டுமே தின்றால் குதிரை நொண்டும், முக எலும்பு உப்பிப் போகும். 'பாவம்' என்று தவிடு கலந்து வைத்தால் இன்னும் மோசம்: தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் சுண்ணாம்பைக் கெடுக்கும். ஆக, மாட்டுக்கு நாம் பாசமாக வைக்கிற இரண்டும் சேர்ந்து குதிரையின் எலும்பைத் தின்னும். வழி இல்லாமல் இல்லை: வேறு புல் கலந்து, உலர்புல்லும் குதிரைத் தீவனமும் வாங்கி, சுண்ணாம்புச் சத்துச் சேர்த்துக் கொடுக்கலாம். அப்போதே 'புல் சும்மா கிடைக்கிறது' என்ற கணக்கு முடிந்துவிட்டது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். மெத்தென்ற மண்ணில் நடக்கும் மட்டக்குதிரைக்கு லாடம் தேவைப்படாமல் போகலாம், சீவாமல் விட முடியாது. நம்மூர்க் கொல்லனுக்கு அது தெரியாது. ஈப்போவிலிருந்து ஆள் வர வேண்டும், ஒரே ஒரு குதிரைக்காக வர அவர் கேட்கும் கூலியில் பாதி பெட்ரோல். ஆண்டுக்கு ஒருமுறை பல்லை ராவ வேண்டும். பூச்சி மருந்து, டெட்டனஸ் ஊசி. மாட்டு ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய் மாட்டைக் காட்டிலும் குதிரையைக் கடுமையாகத் தாக்கும். மாடு மேயும் தோட்டத்துப் பக்கம் இது சின்ன விஷயமில்லை. கொசுவைவிடச் சின்னப் பூச்சி பரப்பும் ஆப்பிரிக்கக் குதிரை நோய் 2020-இல் தாய்லாந்தில் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்றது, அதே ஆண்டு திரெங்கானுவுக்கும் வந்தது. குதிரையை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் முன் கால்நடைச் சேவைத் துறையிடம் கேட்டுவிட்டுத்தான் லோரி பேச வேண்டும்.

இடமும் நம்முடையதில்லை. லயம் கம்பெனியுடையது, சித்தப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நாங்கள் இருக்கும் வரிசை வீட்டுப் பின்புறத்தில் துணி காயப்போடவே இடம் பத்தாது. எங்கே வைத்தாலும் தனியாக ஒரு குதிரையை வைப்பது அதற்குத் தண்டனை. அது கூட்டத்தில் வாழ்கிற பிராணி. துணைக்கு ஓர் ஆடாவது வேண்டும் என்பார்கள். குதிரைக்கு ஆடு வாங்கும் கதையை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தனையும் சமாளித்தாலும் குழந்தை வளரும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 200 கிலோ குதிரைக்கு 40 கிலோ. என் மகள் இப்போது 27 கிலோ. இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போகும்போது அவள் அந்தக் கணக்கை எட்டிவிடுவாள். நல்லபடி வளர்த்தால் குதிரை இருபத்தைந்து வயது வரைகூட இருக்கும். மூன்று நாலு வருடம் ஏறுவதற்காக, அதன் பிறகு பதினைந்து வருடம் தீனி போடுவதா, அல்லது பிள்ளை அழ அழ விற்பதா? இந்தக் கேள்விதான் என்னைத் திருப்பியது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதை என்பார்கள்; 200 கிலோ குதிரையும் எங்கள் சம்பளத்துக்கு யானைதான்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்வேன். சொந்த நிலம் மூன்று நாலு ஏக்கராவது இருந்து, வீட்டில் பகல் முழுக்க ஓர் ஆள் இருந்து, பக்கத்திலேயே இன்னொரு குதிரைக்காரரும் இருந்தால் குடா பாடி நல்ல வழி. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பேராக்கில் பார்த்தேன். குதிரை மினுமினுவென்று இருந்தது.

வாங்கி, லாயத்தில் விடுவது

வாங்கிவிட்டு, பயிற்சி நிலையத்தின் லாயத்தில் மாதக் கட்டணத்துக்கு விடலாம். புல், தீனி, சாணி எல்லாம் அவர்கள் பாடு. எங்களிடம் சொன்ன தொகை மாதம் 1,200 வெள்ளி. குளம்பும் மருத்துவரும் தனி. கோலாலம்பூர்ப் பக்கம் இதைவிட அதிகம். அந்த 1,200 என் மனைவியின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். பேச்சு அங்கேயே முடிந்தது.

பங்குக் குதிரை

இதை நான் முதலில் கேள்விப்பட்டதே இல்லை. வேறொருவரின் குதிரையை வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று நமக்கு விடுவார்கள். செலவில் ஒரு பங்கு நாம் கொடுக்க வேண்டும். உரிமையாளர் பெரும்பாலும் மேற்படிப்புக்குப் போன பிள்ளையின் பெற்றோராகவோ, நேரமில்லாத வேலைக்காரராகவோ இருப்பார். குதிரை சும்மா நிற்காமல் இருக்கும், அவர்களுக்கும் பாரம் குறையும்.

எங்களிடம் கேட்டது, வாரம் இரண்டு நாளுக்கு மாதம் 400 வெள்ளி. என் 250-க்கு மேலே. ஆனால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்தால் 200. இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்துதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. இதில் பிள்ளை வளர்ந்தால் குதிரையை மாற்றிக்கொள்ளலாம். படிப்பு நெருக்கும்போது ஒரு மாத முன்னறிவிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். குதிரை செத்தால் கடன் மிஞ்சாது.

சிக்கலும் உண்டு. குதிரைக்கு அடிபட்டால் யார் கட்டுவது, நொண்டி நிற்கும் மாதத்துக்குக் காசு உண்டா, தேசிய விடுமுறை நாள் யாருக்கு, சேணம் யாருடையது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 'நம்ம ஆளுதானே' என்று வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு மனஸ்தாபம்தான் மிஞ்சும். இன்னொன்று: தனியாகக் குதிரையைப் பிடித்து, சேணம் கட்டி, நடத்தி, நிறுத்தத் தெரியாத பிள்ளைக்குப் பங்குக் குதிரை கொடுக்கவே மாட்டார்கள். கொடுக்கிறவர் இருந்தால் அவரை நம்பாதீர்கள். ஆகவே இது இரண்டாம் படி.

பாடம் மட்டும்

முதல் படி, பயிற்சி நிலையத்தில் பாடம். நாலு பிள்ளைகள் சேர்ந்த வகுப்பு, முக்கால் மணி நேரம், எங்களுக்குச் சொன்ன கட்டணம் 90 வெள்ளி. மாதம் இரண்டு தடவை 180. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர்தான். பெட்ரோலும் ஒரு தடவை ரொட்டி சானாயும் சேர்த்தால் 250-க்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் ஒரு நிலையத்துக்குப் போனோம். பேர் வேண்டாம். கட்டணம் குறைவு, பேச்சு இனிப்பு. குதிரைகளின் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. ஒன்றின் முதுகில் சேணம் உரசிய புண். அதன்மேலேயே துணியைப் போட்டு ஏற்றினார்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஏழாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தது. இந்தப் புழுக்கத்தில் வெளிநாட்டுக் குதிரைகள் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வியர்க்காத குதிரைக்கு உடம்பு கொதிக்கும், மூக்குத்துளை விரிந்து விரிந்து மூச்சு வாங்கும். அங்கே அப்படி ஒன்று நின்றது. என் மகள்தான் முதலில் கவனித்தாள். "அப்பா, அதுக்கு மட்டும் ஏன் வேர்க்கல?" நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

ஆகவே நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைக் கடைசியில் கேளுங்கள். சொல்லாமல் ஒரு நாள் போய் நில்லுங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா பாருங்கள். வெயில் காலத்தில் பெரிய குதிரை நாளைக்கு நாற்பது லிட்டருக்கு மேலும் குடிக்கும். பாடம் காலை ஒன்பதுக்குள்ளும் சாயங்காலம் ஐந்துக்கு மேலும் நடக்கிறதா? பயிற்றுநர் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் குதிரையைத் துடைக்கச் சொல்கிறாரா, குளம்பைத் தூக்கிக் கல் எடுக்கச் சொல்கிறாரா? வந்தவுடன் ஏற்றிவிட்டு முடிந்தவுடன் இறக்கிவிடும் இடத்தில் பிள்ளை கற்பது பொருட்காட்சிச் சவாரிதான்.

பாடத்தின் குறை என்ன? குதிரை தன்னுடையது இல்லை. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று. என் மகளுக்கு முதல் மாதம் இதுதான் பெரிய துக்கம். பிறகு அதிலேயே ஒரு நன்மையும் தெரிந்தது: சோம்பேறிக் குதிரை, முரட்டுக் குதிரை, கூச்சக் குதிரை என்று நாலு சுபாவம் பழகுகிறாள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பாட்டி சொன்ன பழமொழிக்கு அங்கே ஓர் உயிருள்ள உதாரணம் இருக்கிறது. அதற்கு இவள் வைத்த பட்டப்பெயர் 'தலைமையாசிரியர்'.

காசு இல்லாமல் கிடைத்த பங்கு

யாரும் விளம்பரம் செய்யாத வழி ஒன்று உண்டு: லாயத்தில் வேலை. வார இறுதியில் சாணி அள்ளவும், வாளி கழுவவும், குதிரை துடைக்கவும் கை தேவைப்படுகிறது. பயிற்றுநரிடம் நானே போய்க் கேட்டேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. துரைமார் குதிரையில் வந்தபோது ஓரமாக ஒதுங்கி நின்ற பரம்பரை. பேத்தி லாயத்தில் சாணி அள்ளுவதற்கா படிக்க வைக்கிறோம் என்று அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஆனால் பயிற்றுநர், "பத்து வயசுப் புள்ள தனியா செய்யக் கூடாதுண்ணே, நீங்களும் கூட நின்னா சரி" என்றார். இப்போது பாடம் இருக்கும் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போகிறோம். நான் சாணி அள்ளுகிறேன். மாட்டுக்கு அள்ளிய கைதான். அவள் துடைக்கிறாள். பதிலுக்கு மாதத்தில் ஒரு தடவை பாடம் முடிந்ததும் இருபது நிமிடம் கூடுதலாக ஏற விடுகிறார்கள்.

வேலைக்கும் பாடத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. பாடத்தில் அவள் குதிரையின் முதுகைப் பார்க்கிறாள். வேலையில் குதிரையைப் பார்க்கிறாள். காது பின்னால் மடிந்தால் கோபம், கீழுதடு தொங்கினால் நிம்மதி, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் ஆளைக் கூப்பிடு என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு குதிரையைச் சொந்தமாக வாங்கும் தகுதி என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் வரும். மழையில், ஈ மொய்க்கையில், சாணி நாற்றத்தில் ஆறு மாதம் போனபிறகும் பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இவளோடு சேர்ந்த இன்னொரு பிள்ளை மூன்றாம் வாரமே பேட்மிண்டனுக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு யாரும் குதிரை வாங்கிக் கொடுக்காமல் இருந்தது எவ்வளவு நல்லது!

எங்கே குறைத்தாலும் தலைக்கவசத்தில் மட்டும் குறைக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் மோட்டார் ஹெல்மெட் போதும் என்று நான் எடுத்துப்போனேன், திருப்பி அனுப்பினார்கள். அது கனம், குழந்தையின் கழுத்தை இழுக்கும், பக்கப் பார்வையையும் மறைக்கும். குதிரையிலிருந்து விழும் விழுகைக்கென்று செய்த கவசம் தனி. பழையது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒருமுறை தரையில் அடிபட்ட கவசத்தின் உள் விரிசல் வெளியே தெரியாது. சட்டை, கால்சட்டை, கையுறை எல்லாம் பழையது வாங்கலாம். சப்பாத்துக்குக் கொஞ்சமாவது குதிகால் உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளும். தட்டையான பள்ளிக்கூடச் சப்பாத்து உதவாது.

இப்போது எங்கள் நிலை இது. மாதம் இரண்டு பாடம், இரண்டு சனிக்கிழமை வேலை. ஏழு மாதம் ஓடிவிட்டது. குதிரை வாங்க என்று சேர்க்க நினைத்த உண்டியலை உடைக்கவில்லை. பாடம் ரத்தாகும் வாரங்களின் காசு அதில் விழுகிறது. மூன்று பேர் சேர்ந்து பங்குக் குதிரை எடுக்கலாமா என்று ஈப்போவில் ஒரு நர்ஸ் குடும்பத்தோடும் சிம்மோரில் ஒரு கடைக்காரக் குடும்பத்தோடும் பேசிக்கொண்டிருக்கிறோம். பயிற்றுநர் இன்னும் தலையாட்டவில்லை. வலது கைப் பிடி இன்னும் இறுக்கமாம், நாலு மாதம் போகட்டும் என்கிறார்.

போன வாரம் கோயிலில் பூசை. மகள் சிமெண்டுக் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு பூசாரியிடம் போய், "தாத்தா, அடுத்த தடவ சாயம் அடிக்கிறப்போ சொல்லுங்க. கடிவாளம் தப்பான எடத்துல இருக்கு" என்றாள்.